‘திறந்த’ வீடியோ எவ்வளவு திறந்தது?

கணிப்பொறியின் உலாவியில் நீங்கள் பார்க்கும் வீடியோவில் விநாடிக்கு 25 படங்கள் என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1920க்கு 1080 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட்டுகள். பெருக்கிப் பாருங்கள், விநாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள் வரும். இதைச் சுமார் 50 லட்சம் பிட்டுகளில் அடக்கிவிடுகிறார்கள். அடுத்தடுத்த படங்களுக்கிடையே மாற்றம் சிறிதே. ஆதலால் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும் என்பதே அடிப்படை. இச்சுருக்க முறை யாருக்குச் சொந்தம் என்பதில்தான் வழக்கு.

2003இல் வெளியான எச்.264 முறையைத் ‘திறந்த தரம்’ என்று சிலர் எழுதுகின்றனர். இது பாதி உண்மை. அதன் விதிகளை எவரும் படிக்கலாம். ஆனால் அதிலுள்ள உத்திகளுக்குப் பல நிறுவனங்கள் காப்புரிமை பெற்றிருந்தன. ஆண்டுக்கு 1,00,000 படிகளுக்கு மேல் வெளியிடுவோர் உரிமத்தொகை செலுத்தவேண்டும் என்பது ஏற்பாடு. சமையற்குறிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அடுப்பு மூட்டும்போது கட்டணம் கேட்பது போன்றது இது! யாரும் நகலெடுத்து, திருத்தி, பிறருக்கு வழங்கலாம் என்ற நெறியில் உருவாகும் ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவி இதை எப்படி ஏற்கும்? ஒருவர் கட்டிய தொகை அடுத்தவர் நகலைக் காக்காதே.

2010இல் கூகுள் நிறுவனம் விபி8 என்ற முறையைக் கட்டணமின்றி வெளியிட்டது. 2011 ஜனவரியில், தனது குரோம் உலாவியிலிருந்து எச்.264ஐ நீக்கிவிடுவதாகவும் அறிவித்தது. நீக்கவே இல்லை. இதற்கிடையே கைப்பேசிச் சில்லுகளில் எச்.264ஐ விரிக்கும் மின்சுற்றுகள் இடம்பெற்றுவிட்டன. சுற்றில்லாத முறையை மென்பொருளால் விரித்தால் மின்கலம் விரைவில் தீரும். 2012இல் ஃபயர்பாக்ஸை வெளியிடும் மோசில்லா பணிந்தது. அது கொள்கையைக் கைவிட்டது என்று குறை கூறுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. சொன்ன சொல்லைக் காக்காத பெரிய நிறுவனத்தின் மீதே குறை.

எச்.264க்கு அடுத்து 2013இல் வந்த முறைக்கு உரிமத்தொகை கேட்கும் குழுக்கள் ஒன்றுக்கு மேற்பட்டு முளைத்தன. யாருக்கு எவ்வளவு கட்டுவது என்பதே குழப்பமாயிற்று. அதன் விளைவாகவே கூகுள், மோசில்லா, மைக்ரோசாஃப்ட், நெட்ஃப்ளிக்ஸ் முதலியவை 2015இல் கூடி, 2018இல் ஏவி1 முறையைக் கட்டணமின்றி வெளியிட்டன. இதில் தர்மத்தைவிடக் கணக்கே மிகுதி என்பது என் எண்ணம். இருப்பினும் சிறு உலாவிக்கும் பயன் கிடைத்தது.

யூடியூபில் ஓடும் படத்தின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, நுட்ப விவரங்களைக் காட்டும் வரியைத் தேர்ந்தெடுங்கள். ‘ஏவி01’ என்றிருந்தால் திறந்த முறை. ‘ஏவிசி1’ என்றிருந்தால் பழைய எச்.264.