ஊமையா, மௌனமா?

தமிழில் வெளிவந்துள்ள திரைப்பட வரலாற்று நூல்கள் பலவும் 1931-ஆம் ஆண்டிலிருந்தே மெய்யாகத் தொடங்குகின்றன. அதற்கு முந்திய காலம் ‘ஊமைப்பட யுகம்’ என்னும் தலைப்பின் கீழ்ச் சில பக்கங்களில் அடக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. அந்த ‘ஊமை’ என்னும் சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

அரபு மொழியினர் இதே படத்தை ‘ஸாமித்’ என்றனர். பேசும் படத்தை ‘நாதிக்’ என்றனர். ஊமையைக் குறிக்க ‘அப்கம்’, ‘அக்ரஸ்’ எனச் சொற்கள் இருந்தும் அவற்றை அவர்கள் எடுத்தாளவில்லை. ஸாமித் என்பவன் பேச வல்லவன், பேசாதிருப்பவன். இனி ‘நாதிக்’ என்பதோ, மதரஸாவில் மன்திக் என்னும் தர்க்க நூல் ஓதியோர் அறிந்தவாறு, மனிதனுக்கு இலக்கணம் கூறும் சொல். வெறும் ஓசையன்று, சிந்தையோடு கூடிய பேச்சு. இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் நம் நூலாசிரியர்களின் தீர்ப்பு நிற்குமா?

முதல் உலகப் போர்க் காலத்தில் கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எழுத்தட்டைகளைத் தாங்கி வந்தது. அட்டையைப் படிக்க இயலாதார்க்கென, கொட்டகையில் ஒருவர் நின்று கதையை உரக்க விளக்கினார். இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் செய்யுளாக ஓத, மற்றொருவர் பொருள் விரிக்கும் மஜ்லிஸ்களில் நம் முன்னோர் அமர்ந்திருந்தனர். செய்யுளை ஊமை என்று எவரும் சொன்னதில்லையே!

இராயபுரத்திலும் துறைமுகத்தை அடுத்த தெருக்களிலும் தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசுவோர் கலந்து வாழ்ந்தனர். தங்கசாலைத் தெருவின் கிரவுன் கொட்டகையிலோ, பின்னர் மினர்வா எனப் பெயர்பெற்ற நேஷனல் கொட்டகையிலோ அவர்கள் ஒரே படத்தின் முன் அமர முடிந்தது. மொழி அங்கே வாயிற்காவலனாக நிற்கவில்லை.

1931 அக்டோபர் 31 அன்று, வால்டாக்ஸ் சாலையின் கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினார். தியாகராசர் கீர்த்தனையும் இராட்டைப் பாட்டும் காளிதாசன் காலத்துக் கதைக்குள் புகுந்தன. மக்கள் திரண்டு வந்தனர் என்பது உண்மை. அந்த மகிழ்ச்சியை நாம் குறை கூறோம். ஆயினும் இது ‘நுத்க்’ ஆகுமா? நாவு கிடைத்தது, பேச்சு பிறகுதான் வந்தது. இடைக்காலத்தில் காட்சி பின்தள்ளப்பட்டுப் பாட்டே படமாயிற்று என்பதை நூலாசிரியர்கள் ஏன் எழுதுவதில்லை?

தொலைக்காட்சியின் பிறப்பும் இவ்வாறே. 1926 ஜனவரியில் இலண்டனில் பெயர்டு காட்டியது வெறும் உருவம். 1929 செப்டம்பரில் ஒலிபரப்பு தொடங்கியபோதும், ஒரே அலைபரப்பி இருந்தமையால் முகம் முதலிலும் குரல் பின்னருமாக மாறி மாறி வந்தன. இரண்டும் ஒருசேர வந்தது 1930 மார்ச்சில். அக்கருவி சென்னைக்கு நிலையமாக வந்து சேர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க நேர்ந்தது.

‘நமது இதழில் சினிமாவுக்கு என்ன வேலை?’ என வாசக அன்பர் சிலர் வினவக்கூடும். உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்தில் நாம் இங்கு நுழையவில்லை. அதற்குரிய ஆலிம்கள் உள்ளனர். ஆனால் மௌலானா ஆசாத் 1912-இல் தொடங்கிய ‘அல்-ஹிலால்’ புகைப்படங்களோடு வெளிவந்தது. 1926-இல் ‘புல்புலே பரிஸ்தான்’ என்னும் மௌனப்படத்தை இயக்கி, இந்தியாவின் முதற் பெண் இயக்குநரானவர் ஃபாத்மா பேகம். நம் சமுதாயத்துப் பெண்மணி ஒருவரின் பெயரை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது எந்தப் பேணுதலில் சேர்த்தி?

அறிய விழைவோர்க்கு வழியில்லாமலில்லை. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28இல் அமைந்த திரைப்பட விசாரணைக் குழு 353 பேரிடம் வாக்குமூலம் பெற்றது. அக்காலத்து மக்களின் குரல் அத்தொகுதிகளில் அச்சாகிக் கிடக்கிறது. படங்கள்தாம் கிடைக்கவில்லை. ‘கீசக வதம்’ இல்லை. ‘காளிதாஸ்’ கூட இல்லை. நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) மட்டும் பிழைத்தது. நாவலின் பதிப்புரிமை குறித்து வழக்கு எழுந்து, படச்சுருள் பறிமுதலாகி, புத்தக நிலையம் ஒன்றின் வசம் பல்லாண்டு கிடந்ததால், அது இன்று புனே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.