மரத்துக்கு ஓய்வு, மருந்துக்கு?

சிலிபின் பக்கம் குடியிருக்கும் பழைய ரப்பர் பால்வெட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மரத்தைத் தினமும் வெட்டாதே என்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் உளி வைத்தால் மங்கு நிறையும். ஆசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். மரத்தைப் பார்த்துக் கையை அடக்கும் இந்தப் பழக்கத்தைப் பொறியியலில் பின்னூட்டம் என்கிறார்கள். கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் உயிர்நாடியே அதுதான்.

அந்தக் கணக்கை எச்ஐவி சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மருந்து கொடுத்ததும் இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை 1996இல் பெரல்சன், டேவிட் ஹோ குழுவினர் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் அறிகுறியே காட்டாத கிருமி, உள்ளே நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி துகள்களைப் பெற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது! இந்த வேகத்தில் பெருகும்போது பிறழ்வுகளும் பெருகும்; ஒற்றை மருந்து தாக்குப்பிடிக்காது. கூட்டு மருந்தின் தேவையை அந்த எண் அழுத்தமாகக் காட்டியது. அடுத்த ஆண்டே கிர்ஷ்னர், லென்ஹார்ட், செர்பின் மூவரும் டி செல்களின் பெருக்கத்தையும் மருந்தால் உடல் படும் பாட்டையும் ஒரே தராசில் வைத்து, உகந்த அளவைத் தேடினார்கள்.

அந்தப் பாடு நிஜமானது. அதனால்தான் மருந்துக்கும் ஓய்வு கொடுத்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. 'ஸ்மார்ட்' ஆய்வு 5,472 பேரிடம் அதைச் சோதித்தது. ஒரு பாதிப் பேருக்கு, நோயெதிர்ப்பு டி செல்களில் ஒரு வகையான சிடி4 செல்களின் எண்ணிக்கை 350ஐத் தாண்டினால் மருந்து நிறுத்தம், 250க்குக் கீழே இறங்கினால் மீண்டும் மருந்து. மறுபாதிக்கு இடைவிடாத மருந்து. 2006 ஜனவரியில் ஆள் சேர்ப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. சந்தர்ப்பவாத நோயோ மரணமோ கண்டவர்கள் விட்டுவிட்டு மருந்து எடுத்த பக்கம் 120 பேர், தொடர்ந்து எடுத்த பக்கம் 47 பேர். இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் அந்த முதல் பக்கத்தில்தான் கூடின.

ஓய்வில் மரம் தேறுகிறது. இங்கே தேறியது வைரஸ். கோட்பாட்டையே குறை சொல்ல மாட்டேன். சிடி4 என்ற ஒரே எண்ணை உடம்பு முழுவதற்கும் சாட்சியாக வைத்ததுதான் பிழை. வைரஸ் மீண்டும் எழும்போது மூளும் அழற்சியை அந்த எண் சொல்லவில்லை.

சமன்பாட்டில் இடமே கிடைக்காத ஒன்றும் உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வருபவர், பக்கத்து வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று மருந்துப் புட்டியின் லேபிளைக் கிழித்துவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். வீட்டில் விருந்தாளி இருந்தால் அன்றைய மாத்திரை போயிற்று. அடுத்த வைரஸ் அளவுப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தால், மருந்தை மாற்றும் முன் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "புட்டிய எங்க வச்சிருக்கீங்க?"