எல்லை கடந்த சமூகவியலும் ஒலுவில் கரையும்

எல்லைகள் தகர்ந்துவிட்டன என்கிறார்கள். 2020இல் கொள்ளைநோய் வகுப்பறைகளைப் பூட்டியபோது, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஏனையவற்றைப் போல நிகழ்நிலைக் கற்பித்தலுக்கு மாறிற்று. கைபேசித் திரையிலே கொழும்பும் வரலாம், லண்டனும் வரலாம். அறிவுக்கு இனிக் கடவுச்சீட்டு வேண்டாம் என மகிழ்வோர் பலர். ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளை ஆசிரியராகிய நாம் அறிவோம். ஆயினும் மகிழ்ச்சியை மறுக்கவில்லை. நாம் கேட்பது இதுதான்: எல்லையைக் கடந்து வருவது எது? போவது எது?

விடை காண ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். டெனிஸ் மக்கில்வ்ரே எனும் அமெரிக்க மானிடவியலாளர் 1969 முதல் அக்கரைப்பற்றுப் பகுதியில் தமிழரோடும் முஸ்லிம்களோடும் பழகி ஆய்ந்தவர். அவ்வாய்வின் பெருந்தொகுப்பை 2008இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. தாய்வழிக் குடிமுறை, மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அங்கேயே குடியமர்த்தும் வழக்கு, கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடிகளுக்குள்ள உரிமை, பின்னர் வந்த போரும் பிளவும் ஆகியவற்றை அவர் பொறுமையோடு பதிந்துள்ளார். அயலார் எழுதியதென்று அதனைத் தள்ளுவது குறுகிய புத்தி. பகைமை மூண்ட காலத்தில், இரு சமூகத்தாரும் குடிமுறையால் நெருங்கியவர்கள் என எடுத்துக்காட்டியது சிறு பணியன்று.

குறை, அறிவு நடமாடும் பாதையிலே உள்ளது. தன் உம்மம்மாவின் வீட்டைப் பற்றிய அத்தியாயத்தைப் படிக்க, அக்கரைப்பற்று மாணவி ஆங்கிலம் எனும் ஆற்றைக் கடக்கவேண்டும். ‘குடி’ அவள் வீட்டுச் சொல். வகுப்பிலோ அது வெளிநாட்டுக் கோட்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடுகிறது. இறப்பர் பாலாய்ப் போய் டயராய்த் திரும்பிய கதை அறிவுக்கும் நேரலாமா?

நிகழ்நிலை வகுப்பு இதனை மாற்ற வல்லது. கேரளத்தின் கண்ணூர், தலைச்சேரி மாப்பிள்ளை முஸ்லிம்களிடத்தும், சுமாத்திராவின் மினாங்கபாவு முஸ்லிம்களிடத்தும் தாய்வழி முறை உண்டு. ஒலுவில், கண்ணூர், பாடாங் மாணவர் ஒரு திரையிலே கூடித் தத்தம் வீட்டைப் பற்றி விவாதிக்கட்டும். வீடு பெண்ணின் பெயரில் இருப்பதனால் அவள் விடுதலை பெற்றாளா? அவ்வீட்டைக் கட்டித்தர அரபு நாடுகளில் தேயும் தகப்பனுக்கும் சகோதரனுக்கும் எஞ்சுவது யாது? அத்தகைய வகுப்பிலே யாவரும் ஆசிரியர், யாவரும் மாணாக்கர்.

ஆனால் திரை மட்டும் போதாது. சில பாடங்களுக்கு நடந்துதான் போகவேண்டும். டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்தது. அண்டைக் கரையைக் கடல் தின்றது. மணலை அகற்றுக என்றனர் மீனவர். கடலரிப்பால் காணியும் தென்னையும் இழந்தோர் அதனை எதிர்த்தனர். இருசாராரும் இக்கரையின் மக்களே. அவர்களை எதிரெதிரே நிறுத்திய அபிவிருத்தித் திட்டம் யாரைக் கேட்டு வகுக்கப்பட்டது? இருவர் வாசலிலும் அமர்ந்து இதனைக் கேளாத சமூகவியல் வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

ஆசிரியத் தோழர்களே, அந்நூலின் ஓர் அத்தியாயத்தையேனும் தமிழிலே விளக்கி வகுப்பில் வைப்போம். அதில் கண்டது சரிதானா எனத் தம் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வரும்படி மாணவரை அனுப்புவோம். அவர்கள் திருத்தி எழுதுவதை எல்லைக்கு அப்பாலுள்ளோரும் படிக்கச் செய்வோம். துறைமுகம் சரக்கை இறக்குவதற்கு மட்டும் உரியதன்று, ஏற்றுவதற்கும் உரியது.