கூழ் யாருக்கு?

புறநானூற்றின் சுவையிலே மயங்கும் நம் இளைஞர்கள், அந்தப் பாட்டுகளிலே இடம் பெறாதவனை மறந்துவிடுகிறார்கள். யார் அவன் என்பதை 122ஆம் பாட்டைக் கொண்டே காட்ட விரும்புகிறோம்.

பாடியவர் கபிலர். பாடப்பட்டவன் மலையமான் திருமுடிக்காரி. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரிலிருந்து ஆண்டவன். மூவேந்தரும் படைத்துணை வேண்டி நாடிய பெருவீரன். வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குத் தந்தவன் அவனே என்கிறது அகநானூறு.

கபிலர் சொல்வது இது: காரியே! உன் நாட்டைக் கடலும் கொள்ளாது. பகைவரும் கொள்ள எண்ணார். அது வேள்வித்தீ வளர்க்கும் அந்தணர்க்கு உரியது. துணை வேண்டி மூவேந்தருள் ஒருவர் அனுப்பும் கூழோ, உன் குடியை வாழ்த்தி வரும் இரவலர்க்கு உரியது. மனைவியின் தோளன்றி உனதென்று ஏதுமில்லை. ஆயினும் பெருமிதத்தோடு வாழ்கிறாய்!

அழகிய பாட்டு, மறுப்பாரில்லை. ஈகையை இத்துணைச் சுருங்கச் சொல்வது அரிது. ஆனால், கணக்குப் பார்ப்போமா? நிலம் அந்தணர்க்கு. பொருள் இரவலர்க்கு. புகழ் காரிக்கு. வேல் பிடித்தவனுக்கு? கொல்லிப் போரிலே குருதி கொட்டி வீழ்ந்தவனுக்கு? அவன் வீட்டு அடுப்பு மறுநாள் எரிந்ததா? கபிலர் வாய் திறக்கவில்லை. எவன் உயிரை விலையாக வைத்து அந்தக் கூழ் வந்ததோ, அவன் பெயர் கணக்கிலே இல்லை!

மகனைப் போருக்கு அனுப்பிய மறக்குடித் தாயையும் புறநானூறு பாடுகிறதே என்பர் புலவர். பாடுகிறது, அங்கும் மகனுக்குப் பெயரில்லை.

அந்தக் காலம் அப்படி என்று தப்பிக்க இயலாது. ஏடு மறந்தவனைப் பின்னாளில் கல் நினைத்தது. கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் வட்டாரத்திலே கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அரசன் பெயரோடு, மாண்ட வீரன் பெயரும் அவற்றிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தியைச் சொல்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் சொல்கிறது. நாய்க்கும் பெயர் உண்டு அந்தக் கல்லிலே! வீழ்ந்தவன் குடும்பம் பிழைக்க உதிரப்பட்டி என்று நிலம் விட்ட செய்தியும் கல்வெட்டுகளில் உண்டு. பெயர் ஒன்று, பிழைப்பு ஒன்று: இரண்டும் சேர்ந்ததே மரியாதை.

இன்றைய கணக்கு என்ன? ஏழாவது ஊதியக் குழுவின்படி, போர்ப்பணியின் இடர்க்கெனத் தனியே தரும் படைப்பணி ஊதியம் அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய், சிப்பாய்க்கு 5,200. சியாச்சின் பனிமலைப் படி 2017இல் உயர்த்தப்பட்டபோது அதிகாரிக்கு 42,500, சிப்பாய்க்கு 30,000. பதவிக்கு ஏற்ற சம்பளம் வேறு, அது இருக்கட்டும். இடருக்குத் தரும் ஈட்டிலே ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? பனி, பதவி கேட்டா விரலைத் தின்கிறது? குண்டு, தோளிலுள்ள பட்டையைப் பார்த்தா பாய்கிறது? 2022இல் வந்த அக்னிபாத் திட்டமோ, நான்காண்டுப் பணி முடிந்ததும் நால்வரில் ஒருவர்வரை மட்டுமே தொடரலாம் என்றது. வெளியேறுவோர்க்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை என்றது. கள்ளக்குறிச்சிச் சிற்றூரிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் படைக்குப் போகும் ஏழை வீட்டுப் பிள்ளை ஏறுவது, இந்தக் கணக்கின் கடைசிப் படியிலேதான்.

வீரவணக்கம் என்று முழங்கும் மேடைகளுக்குப் பஞ்சமில்லை. வணக்கம் உலையிலே வேகாது. ஆகவே தோழர்களே, பழம்பாட்டாயினும் புதுப்பேச்சாயினும், வீரம் புகழப்படும் இடத்திலெல்லாம் இரு கேள்விகளை எழுப்புங்கள்: வீழ்ந்தவன் பெயர் எங்கே? கூழ் யாருக்கு?