கங்காணியின் கணக்கு

மலாக்காவைச் சேர்ந்த வணிகர் தான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும், அதன் பின்னர்ப் புக்கிட் அசகானிலும் ரப்பரை வியாபாரப் பயிராக நட்டு வழிகாட்டிய பின், அம்மாநிலத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணி முறையைக் கொடுமை என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. கொடுமை இருந்தது மெய்யே. ஆயினும் ஒரு கூட்டத்தை நடத்தும் முறை என்ற அளவில் அதனைப் பரிசீலிப்போர்க்கு, இன்றைய நிர்வாகப் பயிற்சிகளில் போதிக்கப்படும் தெளிவான இலக்கும் பொறுப்பும் அதில் குறைவின்றி இருந்தமை புலப்படும்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், எந்த மரநிரை எவருடையது, எப்போது ரப்பர் பால் எடுப்பது என்பதில் எவருக்கும் ஐயம் இராது. பாலை ஆள்வாரியாக நிறுத்துத் தோட்ட எழுத்தரான கிராணி ஏட்டில் பதிவார். தண்ணீர் கலந்திருந்தால் மெட்ரோலாக் என்னும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். இவற்றினும் விசேஷமானது, எடையை மட்டுமே நிர்வாகம் நம்பாமை. பால் மிகுதியாக வேண்டுமென்று கத்தியை ஆழ இறக்கினால், பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய படலம் காயம்பட்டு, புதிதாய் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பின்னாளைய வெட்டுக்கு உதவாது போகும். ஆதலின் மேற்பார்வைக்கு வருகிறவர்கள் வெட்டிய மரங்களில் காயத்தையும் தேடிப் பார்ப்பார்கள். இன்றைய லாபத்துக்காக நாளைய முதலை அழிக்கலாகாது என்ற இந்த விவேகம் இன்றும் பல காரியாலயங்களில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தோஷம் வேறிடத்தில் இருந்தது. கங்காணிக்கு, தம் ஆட்களில் அன்று வேலைக்கு இறங்கியவர் ஒவ்வொருவருக்கும் இத்தனை காசு என்று தலைக்காசு கிடைத்தமையால், காய்ச்சலில் கிடப்பவன் களத்துக்கு வராதது அவருடைய சொந்த நஷ்டமாயிற்று. ஊரிலிருந்து அழைத்து வந்தவரும், பல வேளைகளில் உறவினரும், கலியாணத்துக்கும் சாவுக்கும் முன்னிற்பவரும் அவரே ஆகையால், அவர்மேல் யாரிடம் முறையிடுவது? தொழில் இலாகா அதிகாரி எப்போதேனும் வருவார். அவர்முன் வாய் திறந்தவனும் மறுநாள் அதே கங்காணியின் முன்தான் நிற்க வேண்டும். மரத்தின் காயத்துக்குக் கணக்குக் கேட்ட நிர்வாகம், ஆளின் காயத்துக்குக் கேட்கவில்லை. பொறுப்பு கீழிருந்து மேலே ஏறியதேயன்றி மேலிருந்து கீழே இறங்கவே இல்லை.

1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடைசெய்ததோடு ஆள் திரட்டல் நின்றது. ஆயினும் கங்காணி இருந்த இடத்தில் தண்டல் என்ற மேற்பார்வையாளர் நின்றார், பேரேடும் பெரட்டும் அப்படியே தொடர்ந்தன. 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் தம் குறையைச் சொல்லக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே புறப்பட்டனர். தோட்டத்துக்குள்ளேயே கேட்பாரிருந்தால் அத்தனை தூரம் நடப்பானேன்?

அந்தக் குறை நம்மிடையே தொடராதிருக்க, இலக்குகளை அழகாக அச்சிட்டு வழங்கும் மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத்து ஆலய நிர்வாகங்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்ததும், உறுப்பினர் கேள்விக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், கேட்டவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.