காப்பவர் யார்? சேலம், நாமக்கல் நாவல்களில் நில அறிவும் நில உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆற்றையும் காட்டையும் அவற்றை ஒட்டி வாழும் மக்களே காப்பர் என்னும் கருத்து, சூழலியல் திறனாய்வில் ஏறத்தாழ முடிந்த முடிபாக வழங்குகிறது. ஆனால் அம்மக்கள் அனைவரும் ஒரே நிலையில் நிற்பவர்கள் அல்லர். கு. சின்னப்பபாரதியின் ‘சங்கம்’, பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’, ‘கூளமாதாரி’ ஆகிய மூன்று நாவல்களை நிலம் தொடர்பான சட்டங்களோடும் அண்மைக்காலப் போராட்டத்தோடும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, நிலத்தை அறிதலும் நிலத்தைக் காக்கும் உரிமையும் வெவ்வேறு கைகளில் இருப்பதே இப்பகுதியின் மையச் சிக்கல் என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சூழலியல் திறனாய்வு, திணை, அடியோர், புறம்போக்கு, கொங்கு நாவல்.

முன்னுரை

1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் நீர்வழியால் இரண்டும் பிரியவில்லை. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தின் வழியே சென்று காவிரியில் கலக்கிறது. நகரச் சாக்கடை, சாயக்கழிவு, ஜவ்வரிசி ஆலைக் கழிவு ஆகியவற்றையும் அவ்வாறு சுமக்கிறது. அதே ஆலைகளின் தேவையால் கொல்லிமலையில் சாமையும் ராகியும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. மலையின் பயிர் மாற்றமும் சமவெளி ஆற்றின் கேடும் ஒரே சந்தையின் இரு விளைவுகள். இத்தகைய பகுதியில் காப்பு என்பதை மக்களின் பற்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது. காக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் வினா உடன் எழுகிறது.

திணை நோக்கின் எல்லை

தமிழில் சூழலியல் வாசிப்பு பெரும்பாலும் திணைக் கோட்பாட்டிலிருந்து தொடங்குகிறது. நிலம், தொழில், தெய்வம், மக்கள் ஆகியவற்றை ஒரே இழையில் காணும் ஆற்றல் அக்கோட்பாட்டுக்கு உண்டு. எனினும் திணையை மனிதனும் இயற்கையும் இசைந்த வாழ்வின் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆய்வுகள், தொல்காப்பிய அகத்திணையியலின் ஒரு கூற்றை எளிதில் கடந்துவிடுகின்றன. அடியோரையும் வினைவலரையும் பாடத் தடையில்லை என்று கூறும் அந்நூற்பா, அவர்களை ஐந்திணைக்குப் ‘புறத்தே’ நிறுத்துகிறது. இதனைக் கைக்கிளை, பெருந்திணை என உரையாசிரியர் விளக்குவர். நிலத்தில் உழைப்பவர் நிலத்தின் இலக்கணத்துக்கு வெளியே நிற்கிறார். இந்த முரணே தற்கால நாவல்களை வாசிக்கத் தக்க திறவுகோலாகிறது.

அறிவு உண்டு, உரிமை இல்லை

‘கூளமாதாரி’யின் (2000) மையத்தில் இருப்பவர்கள், கவுண்டர் பண்ணையங்களில் ஆளாக இருந்து ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர் சிறுமியர். மேட்டாங்காடும் பனையும் கிணறும் அவர்களுடைய அன்றாட உலகம். நிலத்தின் நுண்மைகளை அவர்களைப்போல் அறிந்தவர் நாவலில் வேறு எவரும் இல்லை. ஆனால் அவர்கள் உடலின் நேரமும் உழைப்பும்கூடப் பண்ணையக்காரருக்கு உரியவை. நிலத்தோடு கொண்ட நெருக்கமே காப்புக்கு அடிப்படை என்போமானால், முதற்காவலர் கூளையனாகவே இருத்தல் வேண்டும். ஊர் கூடி முடிவெடுக்கும் இடத்தில் அவனுக்கு இடமில்லை. இந்நாவலைக் கொங்கு நிலத்தின் இயற்கைச் சித்திரமாகப் பாராட்டும் வாசிப்பு, அச்சித்திரம் ஓர் அடிமைச் சிறுவனின் கண்வழி வருகிறது என்பதை மறந்துவிடுகிறது.

உரிமை உண்டு, நிலம் இல்லை

‘ஏறுவெயில்’ (1991) மறுபக்கத்தைக் காட்டுகிறது. குடியிருப்பு எழுவதற்காக நிலத்தை இழக்கும் ஓர் உழவர் குடும்பத்தின் சிதைவே அதன் கதை. இங்கே இழப்பவருக்கு உரிமைப் பத்திரம் உண்டு. அதனாலேயே இழப்புக்கு விலையும் உண்டு. ஆனால் பணமாக மாறிய உரிமை குடும்பத்தையும் உறவையும் அரிக்கிறது. தனிப்பட்டா நிலத்தை விற்கவும் வழிவகுக்கிறது. காப்புக்கு அது போதிய அரண் அன்று என்பதை நாவல் உணர்த்துகிறது.

உரிமை கூட்டாதல்

‘சங்கம்’ கொல்லிமலைப் பழங்குடி மக்கள் சுரண்டலுக்கு எதிராகத் திரள்வதைப் பேசுகிறது. அதனைப் பொதுவுடைமை இயக்க நாவலாக மட்டும் வகைப்படுத்துவது வழக்கம். சூழலியல் நோக்கில் மறுவாசிப்புச் செய்தால், தலைப்பே ஒரு வாதமாகத் தெரிகிறது. மலையோடு வாழ்தல் மட்டும் மலைமக்களைக் காப்பவர்களாக ஆக்குவதில்லை, அமைப்பாதலே ஆக்குகிறது. எனினும் மலையின் ஒற்றுமையைச் சமவெளிக்கு அப்படியே பொருத்த இயலாது. பண்ணையக்காரரும் பண்ணையத்தாளும் ஒரே சங்கத்தில் அமர்வது எங்ஙனம் என்னும் வினாவைக் ‘கூளமாதாரி’ விடையின்றி விட்டுச்செல்கிறது.

சட்டத்தின் செவி

நாவல்கள் காட்டும் இப்பிளவு சட்டத்திலும் உண்டு. 2018இல் சேலம் – சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டம் ஏறத்தாழ 277 கி.மீ. நீளத்துக்கு முன்வைக்கப்பட்டபோது, உழவர்கள் வயலிலும் நீதிமன்றத்திலும் உறுதியாக எதிர்த்தனர். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை நீக்கியது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவற்றைச் செல்லத்தக்கனவாக்கியது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் நிலத்தில் நலனுடையவருக்கே 21 நாளில் ஆட்சேபம் தெரிவிக்க வழிதருகிறது. நிலவுடையோர் இவ்வழியைப் பயன்படுத்தி வயல்களோடு ஏரி, கிணறுகளுக்காகவும் வாதாடினர் என்பது மதிக்கத்தக்கது. ஆயின் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவரின் நலன் எந்த ஆவணத்திலும் எழுதப்படாதது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வனத்தில் வாழ்வோருக்கு இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. மரபாகக் காத்துவந்த சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை உண்டு என அது கூறி, கிராமசபைக்கு அதிகாரம் தருகிறது. மேய்ச்சலும் அதில் உரிமையாகிறது. சமவெளியின் ஏரிக்கும் மந்தைவெளிக்கும் இதற்கிணையான சட்டம் இல்லை. தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரத்தை அலுவலர்க்கே அளிக்கிறது. ஏரியைப் பயன்படுத்துவோரை உரிமையாளராக ஏற்பதில்லை. 2010இல் குடிமக்கள் குழு ஒன்று முன்னின்று சேலம் மூக்கனேரியைச் சீரமைத்தது பெரும்பணி. ஆனால் அத்தகைய பணி முன்னிற்போரின் ஊக்கத்தையும் நிர்வாகத்தின் இசைவையும் சார்ந்தே நிலைபெற வேண்டியுள்ளது.

முடிவுரை

மூன்று நாவல்களையும் சேர்த்து வாசிக்கும்போது, உரிமையற்ற அறிவு ஊமையாகிறது, தனியுரிமை விலையாகிறது, கூட்டுரிமையே காப்பாக வளர இடமுண்டு என்னும் முடிவு பெறப்படுகிறது. எனவே ‘மக்கள் காக்கின்றனர்’ என எழுதும் திறனாய்வாளர், அம்மக்களுள் பட்டா உடையவர் எவர், மேய்ப்பவர் எவர், கூட்டத்தில் பேசுபவர் எவர் எனப் பிரித்துக் காட்டும் கடமை உடையவர். அப்பிரிப்பைச் செய்யாத ஆய்வு, அடியோரைத் திணைக்குப் புறத்தே நிறுத்திய பழைய மரபையே புதிய சொற்களில் தொடர்வதாகும்.