தந்தையின் ஆயுளும் மக்களின் பங்கும்: ‘கிச்சடி’ தொடரின் தொடக்ககாலம் குறித்து

2002 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 10 ஆம் நாள் இந்தியாவின் ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் தொடங்கிய ‘கிச்சடி’ என்னும் ஹிந்தி நகைச்சுவைத் தொடரின் கதைக்கரு மிக எளிமையானது. பாரெக் என்பது வசதிபடைத்த குஜராத்திக் கூட்டுக்குடும்பம். மூதாதையரின் மாளிகையை விற்றுப் பங்கிட்டுத் தனித்தனியே வாழ்வதே குடும்பத்தினர் அனைவரதும் விருப்பம். குடும்பத் தலைவரான துளசிதாஸ் பாரெக் அதற்கு இணங்குவதாக இல்லை. விரும்பியவர் பங்கை இழந்து வெளியேறலாம். அன்றேல் தாம் கண்மூடும்வரை ஒரே கூரையின்கீழ் இருத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. மகனும் மருமக்களும், மருமகளின் சகோதரனும்கூட, காத்திருப்பதென்றே தீர்மானிக்கின்றனர்.

இத்தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய காலத்தில் ஏ9 பாதை திறக்கப்பட்டுச் சில மாதங்களே கழிந்திருந்தன. வட்டக்கச்சியிலும் அதன் அயற் கிராமங்களிலும் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இருக்கவில்லை. எனவே நாம் இதனைப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்தே. தாமதமாகப் பார்த்ததில் ஒரு நன்மையும் உண்டு. தொடர் பெற்ற புகழையும், அதன் பின்னால் வந்த திரைப்படங்களையும் (2010, 2023) ஒருபுறம் வைத்துவிட்டு, தொடக்கத்தில் அது எதைச் சொல்ல முனைந்தது என்பதை நிதானமாக நோக்க முடிகிறது.

கூட்டுக்குடும்பத்தின் ஒற்றுமைக்கு இத்துணை நேர்மையான விளக்கத்தைத் தந்த தொலைக்காட்சிப் படைப்பு வேறொன்றை நாம் அறியோம். பாசம், பண்பாடு, மரபு என்றெல்லாம் போற்றப்படும் அக்கூட்டு வாழ்க்கை இங்கே முதுசத்தின் பங்கீடு ஒத்திவைக்கப்பட்டிருக்கும் நிலையாக மட்டுமே காட்டப்படுகின்றது. குடும்ப அமைப்பின் வரலாற்றைத் தனியுடைமையின் வரலாற்றோடும் அரசின் வரலாற்றோடும் இணைத்து 1884 இல் எங்கெல்ஸ் எழுதியபோது, சொத்தைத் தம் வழித்தோன்றல்களுக்குக் கையளிக்கும் தேவையே ஒருதார மணக் குடும்பத்தின் அடித்தளம் என வாதித்தார். அந்நூலைப் படியாத எமது கிராமத்து மூத்தோரும் இவ்வுண்மையை அறியாதவரல்லர். “அப்பு கண்ணை மூடட்டும், பிறகு பாப்பம்” என்ற பேச்சைக் கேளாத உறுதிக்காணியோ வயற்காணியோ நம்மிடையே இல்லை. வீட்டு முற்றத்தில் தணிந்த குரலில் பேசப்படுவதைக் ‘கிச்சடி’ உரத்த குரலில் சொல்லிற்று.

எனினும் ‘கிச்சடி’யைத் தனித்து நோக்குதல் தவறாகும். அதே அலைவரிசையில் 2000 ஜூலை 3 ஆம் நாள் தொடங்கிய ‘கியோங்கி சாஸ் பி கபி பகு தீ’ என்னும் நெடுந்தொடர் அப்போது இந்தியாவின் மாலைப்பொழுதுகளை ஆண்டுகொண்டிருந்தது. அதுவும் ஒரு குஜராத்திக் கூட்டுக்குடும்பத்தின் கதையே. அங்கும் ஒரு பெருமாளிகை உண்டு. ஆனால் அங்கே மாளிகை கோயிலாகின்றது. மருமகள் அதன் விளக்காகின்றாள். சொத்து பற்றிய சதிகள் தீயோரின் செயல்களாகக் காட்டப்படுகின்றனவேயன்றி, அக்குடும்பத்தின் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. அம்மருமகளின் பெயர் துளசி. ‘கிச்சடி’யில் எல்லோரும் யாருடைய மரணத்தை எதிர்பார்த்திருக்கின்றனரோ அவருடைய பெயர் துளசிதாஸ். இது தற்செயலோ குறும்போ, நாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை. பார்க்கும்போது சிரிப்பு வந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கின்றோம்.

ஒரே நிறுவனம் குடும்பத்தைப் பூசிக்கும் தொடரையும் அதனை எள்ளும் தொடரையும் ஏககாலத்தில் விற்றது எங்ஙனம்? ஸ்டார் தொலைக்காட்சி அந்நாளில் றூபேட் மேர்டொக்கின் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அமெரிக்காவில் அவரது பொக்ஸ் வலையமைப்பே 1989 டிசெம்பர் 17 இல் ‘த சிம்ப்சன்ஸ்’ என்னும் சித்திரத் தொடரைத் தனி நிகழ்ச்சியாக ஒளிபரப்பத் தொடங்கிற்று. அதன் முதல் நிகழ்ச்சியில், நத்தார்க் கொடுப்பனவு மறுக்கப்பட்ட அணுமின் நிலையத் தொழிலாளி ஒருவன் கடையொன்றில் நத்தார்த் தாத்தா வேடமிட்டு உழைக்கின்றான். கழிவுகள் போக அவன் கைக்கு வருவது 13 டொலர். அதையும் நாய்ப் பந்தயத்தில் இழந்து, தோற்ற நாயுடன் வீடு திரும்புகின்றான். 1992 இல் அந்நாட்டின் ஜனாதிபதியான மூத்த புஷ்ஷே மேடையேறி அமெரிக்கக் குடும்பங்கள் இவர்களைப் போலாகாதிருக்கவேண்டும் என்றார். முதலாளித்துவ ஊடகத்துக்குக் குடும்பத்தின் புனிதமும் சரக்கு. அப்புனிதத்தின் மீதான அவமதிப்பும் சரக்கு. ஆயினும் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிராகரிக்கும் இயந்திரப்பாங்கான விமரிசனத்தை நாம் ஏற்கவில்லை. சரக்காக விற்கப்படும் ஒன்றினுள்ளும் மெய்ம்மை புகுந்துவிடக்கூடும். 13 டொலர் அத்தகையதொரு மெய்ம்மை. இறப்பை எதிர்பார்த்திருக்கும் பாரெக் குடும்பமும் அத்தகையதே.

கதைக்கருவில் இருந்த இவ்வுண்மை தொடரின் நடையில் எவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தது என்பதே நமது வினா. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்குக் கூறும் நிலைக்களங்களுள் பேதைமையும் மடனும் உண்டு, எள்ளலும் உண்டு. அங்கதத்துக்கு உயிர் எள்ளலே. ‘கிச்சடி’ எள்ளலிற் பிறந்து பேதைமையில் வளர்ந்த தொடர். மருமகள் ஹன்சா ஆங்கிலச் சொல்லொன்றைக் கேட்டுத் திகைப்பாள். கணவன் பிரபுல் அச்சொல்லின் ஒலியைப் பிய்த்துத் தாய்மொழிச் சொற்களாக்கி ஓர் அபத்தமான பொருள் கூறுவான். அவள் மனநிறைவோடு தலையசைப்பாள். மக்கள் பெரிதும் நினைவில் வைத்திருப்பது இதனையே. சுப்ரியா பாதக்கும் ராஜீவ் மேத்தாவும் இதனை நடித்த விதம் அருமையானது என்பதில் ஐயமில்லை. அதனுள் ஒரு சமூக உண்மையும் பொதிந்துள்ளது. ஆங்கிலம் அறியாமை நமது சமூகத்தில் உத்தியோகம் தேடும் இளைஞனுக்கு அவமானம். மாளிகையில் பங்குள்ள பிரபுலுக்கு அது விளையாட்டு. சொத்துள்ளவன் அறியாமையைப் பேணி வாழலாம். ஆனால் தொடர் இவ்விடத்தில் நின்று சிந்திப்பதில்லை. சிரிப்பு சொல்லின்மேல் விழுகின்றது, சொத்தின்மேல் விழுவதில்லை. வாரங்கள் செல்லச்செல்ல மாளிகை வெறும் அரங்கப் பின்னணியாகி, கிழவரின் மரணம் ஒரு பழகிய பகிடியாகிவிடுகின்றது. இத்தனை பேர் உண்டு உடுத்து வாழும் செல்வம் எவருடைய உழைப்பின் பயன் என்ற வினா தொடரில் எங்கும் மையம் பெறவில்லை.

அடுத்து 2004 நவம்பரில், ‘கிச்சடி’யைப் படைத்த ஆதிஷ் கபாடியாவும் ஜே. டி. மஜேதியாவும் ஸ்டார் வண் அலைவரிசையில் ‘சாராபாய் வெர்சஸ் சாராபாய்’ என்ற தொடரைத் தந்தனர். தென் மும்பையின் மேட்டுக்குடிக் குடும்பம் அதன் களம். அங்கே சண்டை சொத்துக்காக அன்று, ரசனைக்காக. மாமியார் மாயா தன் மருமகளின் மனிஷா என்ற பெயர் நடுத்தர வர்க்க வாடை வீசுகிறதென்று அதனை மொனிஷா என மாற்றிவிடுகின்றாள். ஒருவரின் பெயரைத் தன் விருப்பப்படி மாற்றும் அதிகாரம் நமக்குப் புதிதன்று. ஒடுக்கப்பட்ட சாதியினர் தம் பிள்ளைகளுக்கு வைத்த முழுப்பெயரை உச்சரிக்க மறுத்துக் குறுக்கி அழைத்த யாழ்ப்பாணத்து மேட்டுக்குடியின் வரலாற்றை டானியலின் எழுத்துகளோடு வளர்ந்த வாசகர் அறிவர். மாயா செய்வது அதன் மெருகேற்றப்பட்ட நகர வடிவம். மாயாவாக நடித்த ரத்னா பாதக் ஷாவும் ஹன்சாவாக நடித்த சுப்ரியா பாதக்கும் உடன்பிறந்தோர். அவர்களுடைய தாய் தீனா பாதக், 1943 இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றத்தோடு இணைந்து, குஜராத்தின் ‘பவாய்’ என்னும் மக்கட் கூத்து மரபை நவீன மேடைக்குக் கொணர்ந்த கலைஞர். ‘கிச்சடி’ தொடங்கி ஒரு மாதம் கழிந்த நிலையில், 2002 ஒக்ரோபர் 11 இல் அவர் காலமானார். மக்கள் மேடையின் எள்ளற் கூர்மை ஒரு தலைமுறையுள் வரவேற்பறையின் வேடிக்கையாக மாறியது எவ்வாறு என்பது தனியே ஆராயப்படவேண்டிய பொருள்.

இனி, இக்கதைக்கரு வட்டக்கச்சியில் நிகழ்வதாகக் கொள்வோம். இரணைமடுக் குளத்து நீரை நம்பி உருவான இக்குடியேற்றத்தில் வயலும் மேட்டுக்காணியும் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அக்காணியை விரும்பியவாறு துண்டாட முடியாது. அனுமதிப்பத்திரக்காரருக்குப் பின் வாழ்க்கைத்துணைக்கு ஆயுட்கால உரிமை. அதன்பின் நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளி. நியமனம் இல்லாதவிடத்து மகளுக்கு முன் மகன், இளையவனுக்கு முன் மூத்தவன் என்பதே 2022 இல் சட்டம் திருத்தப்படும்வரை இருந்த ஒழுங்கு. ஆகவே இங்கு நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் பாரெக் குடும்பத்தின் பகிடி சரிபாதி உண்மையாகவே நடக்கும். தகப்பனின் இருமலை மூத்தவன் கேட்கும் விதமும் இளையவன் கேட்கும் விதமும் வேறுபடும். இதனை நகைச்சுவையாக எழுதும் ஆற்றல் நம் எழுத்தாளரிடம் இல்லை என நாம் கருதவில்லை.

எழுதத் தடையாக நிற்பது வேறொன்று. 2009 தை மாதத்தில் இக்கிராமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தோரில் பலரிடம் பத்திரம் இல்லை. சில வீடுகளில் பத்திரத்திற் பெயருள்ளவரே இல்லை. 2010 இல் காணாமற்போனோரின் இறப்பைப் பதிவதற்கான தற்காலிகச் சட்டம் வந்தது. இறப்பைப் பதியாமலே, ஒருவர் காணப்படாதிருப்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 இல் வழி செய்யப்பட்டது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது அவர்கள் கேட்டது எந்தச் சான்றிதழையும் அன்று. தம்மவர் எங்கே என்பதையே கேட்டனர். கணவன் இறந்தான் என ஒப்பமிட மறுக்கும் தாயும், அவள் ஒப்பமிடாதவரை வயலைத் தன் பெயருக்கு மாற்றவியலாத மகனும் ஒரே குடிலில், ஒரே அடுப்பில் உண்டு வாழ்கின்றனர். மாலையில் அவ்வீட்டுத் தொலைக்காட்சியில் ஏதோவொரு மாளிகைக் குடும்பத்தின் தொடர் ஓடுகின்றது. இருவரும் அதனைச் சேர்ந்தே பார்க்கின்றனர்.